ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைச் சைக்கிள் ஓட்டப் புதிதாக வருபவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரேக்குக்கு ஒரு பத்தி, சஸ்பென்ஷனுக்கு ஒரு பத்தி, ஹெல்மெட்டுக்கு அரைப் பக்கம். காலுக்கு வந்ததும், தட்டைப் பெடலாக இருந்தால் வீட்டில் கிடக்கும் ரன்னிங் ஷூவே போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்குப் பிழைப்பே சைக்கிள் பழுது பார்ப்பது. அப்படி நம்பி மலை இறங்கியவர்களின் முன்னங்கால் எலும்பில் பெடல் முள் கிழித்த தழும்புகளை நிறையவே பார்த்தாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

கிளிப் பெடலில் ஷூவின் அடியில் இருக்கும் இரும்புத் துண்டு பெடலோடு பூட்டிக்கொள்ளும். தட்டைப் பெடலில் அந்தப் பூட்டு கிடையாது. பெடலின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும் சின்னச் சின்னத் திருகு முட்கள், அவற்றின் மேல் அழுந்தும் ரப்பர், மேலே நம் உடம்பின் பாரம். பிடிமானம் முழுவதும் இந்த மூன்றில்தான். முள் மழுங்கினால் ஸ்பேனரை எடுத்து மாற்றிவிடலாம். பாரத்தை எங்கே வைப்பது என்பது ஓட்ட ஓட்டப் பழகிவிடும். ரப்பர் மட்டும் வாங்கும்போதே சரியாக அமைந்தாக வேண்டும்.

ரன்னிங் ஷூ ஓடுவதற்கென்றே செய்தது. குதிகாலுக்கு அடியில் கனமான நுரை, விரல் பக்கம் மேல் நோக்கி ஒரு வளைவு. தரையில் அது நல்லது. பெடலில் அந்த வளைவு காரணமாக ஷூவின் முன்பாதி முழுதாகப் பதியாது, பாதி முட்கள் சும்மா நிற்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நுரை அமுங்கி எழும்பும்போது கால் நகர்ந்துகொண்டே இருக்கும். காட்டுப் பாதையில் ஓடுவதற்கான ஷூ இன்னும் மோசம் என்பேன். அதன் அடியில் ஆழமான கட்டைகள் இருக்கும். முள் இரண்டு கட்டைக்கு நடுவே விழுந்தால் பிடிக்க ரப்பர் இல்லை, கட்டையின் மேலேயே விழுந்தால் கட்டை மடங்கிக்கொள்ளும். மலையேறும் பூட்ஸையும் சிலர் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அதன் ரப்பர் கெட்டியானது, கணுக்காலையும் கட்டிப்போடும். இறக்கத்தில் குதிகாலைக் கீழே தாழ்த்த முடியாவிட்டால் தட்டைப் பெடலில் நிற்பதே கஷ்டம். கையில் வேறு எதுவும் இல்லை என்றால் ஸ்கேட்போர்டு ஷூ பரவாயில்லை. அடி தட்டை, ரப்பரும் ஓரளவு மெத்து. ஆனால் நடுவில் துணிபோல் மடங்கும், நீண்ட இறக்கத்தில் பாதம் குடைச்சல் எடுக்கும், விரல் நுனியில் கல் பட்டால் தாங்காது.

தட்டைப் பெடலுக்கென்றே வரும் ஷூவின் கதை பாறை ஏறுபவர்களிடமிருந்து வருகிறது. அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய ஃபைவ் டென் நிறுவனம் பாறையில் வழுக்காமல் ஒட்டி நிற்கும் ஸ்டெல்த் என்ற ரப்பரைப் பாறையேறும் ஷூவுக்குப் போட்டது. அப்புறம் அதையே சைக்கிள் ஷூவுக்கும் கொண்டுவந்தது. 2011இல் அடிடாஸ் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இன்று ஷிமானோ, ஸ்பெஷலைஸ்டு, ரைட் கான்செப்ட்ஸ் என்று பலரும் இதே வழியில் செய்கிறார்கள். அந்த ரப்பரின் குணம் இதுதான்: அழுத்தினால் குழியும், விட்டவுடன் துள்ளாமல் மெதுவாகத் திரும்பும். அதனால் முள்ளைச் சுற்றிப் படிந்து நிற்கும், குலுக்கலில் காலைத் தூக்கி எறியாது.

கடையில் நிற்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், ஷூவைக் கவிழ்த்துக் கட்டைவிரல் நகத்தை அடியில் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்து, தடம் ஒரு கணம் நின்று மறைய வேண்டும். பிளாஸ்டிக்போல் நகத்தைத் தள்ளினால் வாங்காமல் திருப்பி வைத்துவிடலாம். கோடுகளும் புள்ளிகளும் ஆழமில்லாமல், நெருக்கமாக இருக்க வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டிய இடங்கள் மலையில் வரும் என்பதால், விரல் நுனியிலும் குதிகாலிலும் மட்டும் கொஞ்சம் ஆழமான கட்டை இருந்தால் நல்லது. பிறகு ஷூவை இரண்டு கையாலும் வளையுங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. ரொம்ப விறைப்பாக இருந்தாலும் பெடல் எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது.

முடிந்தால் உங்கள் பெடலில் ஒன்றைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். (இடது பெடலின் மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி இறுக்கிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் உண்டு.) ஷூவைப் பெடல் மேல் வைத்து அழுத்திப் பக்கவாட்டில் திருகினால் எவ்வளவு பிடிக்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். நீளமான கூர்முள் பெடலோடு மிக மெத்தான ரப்பர் சேர்ந்தால், தப்பாக வைத்த காலைத் திருத்தவே விடாது. முழுதாகத் தூக்கித்தான் மறுபடி வைக்க வேண்டும். புதியவர்களுக்கு நடுத்தரப் பிடிமானமே போதும் என்பது என் கட்சி. பிடிமானம் கூடுதல் என்று தோன்றினால் முட்களில் ஒன்றிரண்டைக் கழற்றிவிடலாம், அதற்குச் செலவே இல்லை.

அளவு பார்க்கும்போது, ஓட்டும்போது போடும் சாக்ஸோடு, மாலையில் போட்டுப் பாருங்கள், காலையைவிட அப்போது கால் சற்று உப்பியிருக்கும். இறக்கத்தில் பாதம் முன்னால் தள்ளப்படும் என்பதால் விரலுக்கு முன் கொஞ்சம் இடம் வேண்டும். லேஸின் முடிச்சைச் செருகி வைக்க ஒரு பட்டையாவது இருக்கட்டும், வலது காலில் தொங்கும் லேஸைச் செயின் சும்மா விடாது.

பழைய ஷூ ஒன்றைக் கொடுத்தால் அதன் சொந்தக்காரர் எப்படி ஓட்டுகிறார் என்று என்னால் ஏறக்குறையச் சொல்லிவிட முடியும். இப்போதும் பட்டறை மேசையில் ஒரு ஜோடி கிடக்கிறது. முள் குத்திய குழிகள் இரண்டு ஷூவிலும் விரல்களுக்கு நேர் கீழே, ரப்பர் பிய்ந்து நூல் தெரிகிற அளவுக்கு. நுனிக்காலில் நிற்கும் ஆள் என்று அர்த்தம். பெரிய கல் ஒன்றில் சக்கரம் மோதினால் கால் கழன்றுவிடும். விரல்களுக்குப் பின்னால் பாதத்தில் ஒரு மேடு இருக்கிறதே, அதற்கும் சற்றுப் பின்னால் பெடலின் அச்சு வர வேண்டும், குழிகளும் அங்கேதான் விழ வேண்டும். அதே ஜோடியில் வலது ஷூவின் உட்பக்கம், கணுக்கால் அருகே, பெடல் மாட்டியிருக்கும் கைபோன்ற கிராங்க் உரசி வழவழவென்று ஆகியிருக்கிறது. விரலை வெளிப்பக்கம் திருப்பி வைத்து மிதிக்கிறார். அந்த இடத்தில் தடித்த மெத்தை வைத்த ஷூ அவருக்குச் சரிப்படும்.

மெத்தான ரப்பர் சீக்கிரம் தேயும், அதை மறைக்க வேண்டியதில்லை. தார்ச் சாலையில் நடக்க அந்த ஷூவைப் போடாமல் இருந்தால் கூடுதல் நாள் வரும். நனைந்துவிட்டால் அடுப்பருகிலோ உச்சி வெயிலிலோ வைக்காதீர்கள், பசை விட்டு அடி வாயைப் பிளக்கும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வைத்தால் போதும். ஆசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது, படித்து முடித்த தாளைத்தான் சொல்கிறேன்.

கட்டுரையில் இன்னொரு வரி: கொஞ்சம் பழகியதும் எல்லோரும் கிளிப் பெடலுக்கு மாறிவிடுவார்களாம். ஆஸ்திரேலிய வீரர் சாம் ஹில் தட்டைப் பெடலிலேயே நின்று டவுன்ஹில் என்ற மலை இறக்கப் பந்தயத்தில் உலகப் பட்டங்களை வென்றார். 2017 முதல் 2019 வரை மூன்று ஆண்டும், பல இறக்கங்களின் நேரத்தைக் கூட்டிப் பார்க்கும் எண்டூரோ பந்தயத்தின் உலகத் தொடர் பட்டமும் அவருக்கே. கிளிப் பிடித்தவர்கள் தாராளமாக மாறட்டும். மாறினால்தான் தேர்ச்சி என்று புதியவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று கீழே குறிப்பு இருந்தது. அதில் ஷூவைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். படம் போட்டால் பக்கவாட்டில் எடுத்தது வேண்டாம், அடிப்பாகம் தெரிகிற மாதிரி போடுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் மெக்கானிக்காக இருக்கும் உங்கள் வாசகர்