புனாட்சாங்சூ-1: பழைய ஒப்பந்தத்தோடு மீண்டும் தொடங்கக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பரில் பிரதமர் மோடி பூடான் சென்றபோது 1,020 மெகாவாட் புனாட்சாங்சூ-2 நீர்மின் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. 4,000 கோடி ரூபாய் கடன் வசதியும் அறிவிக்கப்பட்டது. இரண்டுமே பத்திரிகைகளில் விரிவாக வந்தன. அதே பயணத்தில் எடுத்த இன்னொரு முடிவு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. பல ஆண்டுகளாக நின்றுபோயிருந்த 1,200 மெகாவாட் புனாட்சாங்சூ-1 திட்டத்தின் அணை வேலையை மீண்டும் தொடங்க இரு நாடுகளும் ஒத்துக்கொண்டிருக்கின்றன. இரு நாட்டு உறவில் அடுத்த பத்தாண்டுக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேறு இல்லை என்றே நினைக்கிறேன். அணையைக் கட்டட்டும். ஆனால் 2007-இல் போட்ட பண ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு கட்டினால் பூடானுக்கும் நட்டம், நமக்கும் நட்டம்.

தொடக்கத்தில் இந்த ஏற்பாடு மிக நன்றாகவே வேலை செய்தது. வாங்சூ ஆற்றின் மீதுள்ள சுக்கா திட்டத்துக்கு 1974-இல் ஒப்பந்தம் ஆனது. 336 மெகாவாட், மொத்தச் செலவு 246 கோடி ரூபாய். அதில் 60 சதவீதம் இந்தியாவின் மானியம். மீதி 40 சதவீதம் 5 சதவீத வட்டிக் கடன், 15 ஆண்டில் திருப்ப வேண்டியது. 1986 முதல் 1988 வரை இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. பூடான் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நமக்கு விற்றது; அந்தப் பணத்திலேயே கடனை அடைத்தது. மேற்கு வங்கம், பீகார் போன்ற கிழக்கு மாநிலங்களுக்குக் குறைந்த விலையில் மின்சாரம் கிடைத்தது. குரிசூ (60 மெகாவாட்), தாலா (1,020 மெகாவாட்) இரண்டும் அதே 60:40 கணக்கில் வந்தவைதான். தாலாவில் வட்டி மட்டும் 9 சதவீதமாக ஏறியது.

பிறகு விகிதம் தலைகீழானது. புனாட்சாங்சூ-1-க்கு மானியம் 40, கடன் 60. புனாட்சாங்சூ-2-க்கும் மாங்டேசூவுக்கும் மானியம் 30, கடன் 70. புனாட்சாங்சூ திட்டங்களுக்கு வட்டி 10 சதவீதம். வேலை குறித்த காலத்தில் முடிந்திருந்தால் இதுவும் தாங்கக்கூடியதே. 720 மெகாவாட் மாங்டேசூ 2019-இல் முடிந்தது. அதன் மின்சாரத்துக்கு யூனிட் 4 ரூபாய் 12 காசு என விலை பேசப்பட்டது. இன்று அது பூடானின் முக்கிய வருமானங்களில் ஒன்று. ஆனால் 2020-க்குள் 10,000 மெகாவாட் என்று 2009-இல் இரு நாடுகளும் வைத்துக்கொண்ட இலக்கில், காலக்கெடுவுக்குள் ஓடியது அந்த ஒரே திட்டம்தான்.

புனாட்சாங்சூ-1-இல் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வாங்டூ போட்ராங் மாவட்டத்தில் 2008 நவம்பரில் வேலை தொடங்கியது. கான்கிரீட் அணை கட்ட வேண்டுமானால் ஆற்றுப்படுகையில் உறுதியான பாறை தட்டும்வரை தோண்டியாக வேண்டும். ஆழமாகத் தோண்டத் தோண்ட, இரு கரையிலும் மலைச்சரிவின் அடிவாரம் வெட்டுப்படும். சரிவைத் தாங்கி நிற்பதே அந்த அடிவாரம்தான். உள்ளே பாறை நொறுங்கிய மண்டலம் ஒன்று ஓடினால், அடிமுட்டு போனதும் மேலே இருக்கும் மொத்த மலைப்பகுதியும் கீழ்நோக்கி நகரத் தொடங்கிவிடும். 2013 ஜூலையில் வலது கரை அப்படித்தான் நகர்ந்தது. மேற்பகுதி மண்ணை வெட்டி எடுத்துப் பாரத்தைக் குறைத்தார்கள். கம்பி நங்கூரங்களைப் பாறைக்குள் செலுத்தினார்கள். உள்ளே தேங்கும் நீர் வடியத் துளையிட்டார்கள். அதற்குப் பிறகும் சரிவு அடங்கவில்லை. 2019 தொடக்கத்தில் மறுபடி நகர்ந்தது. நீர் செல்லும் சுரங்கமும் மின்நிலையமும் பெரும்பாலும் முடிந்துவிட்டன, அணைதான் இல்லை. அதே இடத்தில் அணையைத் தொடர்வதா, மேலே தள்ளித் தாழ்வான தடுப்பணை கட்டுவதா என்ற விவாதமே ஆண்டுக்கணக்கில் நடந்தது.

புனாட்சாங்சூ-2-ஐயும் மண்ணியல் விடவில்லை. 2016 மார்ச்சில் நிலத்தடியில் கீழ்ப்புற சர்ஜ் கேலரியில் (நீரழுத்தம் திடீரென ஏறி இறங்குவதைத் தணிக்கும் குடைவறை) பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். திறப்பு விழா தள்ளிப் போனதற்கு இதுவும் காரணம்.

இனி பணத்துக்கு வருவோம். புனாட்சாங்சூ-1-இன் முதல் மதிப்பீடு 3,514 கோடி ரூபாய். திருத்திய மதிப்பீடு 9,375 கோடி. இரண்டரை மடங்குக்கும் மேல். இதில் கல்லுக்கும் கம்பிக்கும் போனது ஒரு பகுதிதான். கட்டுமானம் நடக்கும் காலத்தில் ஓடும் வட்டியும் கடன் கணக்கில் ஏறுகிறது. கூட்டு வட்டி வேண்டாம், தனி வட்டியே போட்டுப் பாருங்கள்: 10 சதவீதத்தில் வாங்கிய நூறு ரூபாய், பத்து ஆண்டு தாமதத்தில் இருநூறு ஆகிவிடும். ஒரு யூனிட் மின்சாரமும் வராமலே கடன் இரட்டிப்பாகிறது. விரிவான திட்ட அறிக்கை, வடிவமைப்பு ஆலோசனை, ஒப்பந்தப் பணி எல்லாமே பெரும்பாலும் இந்திய நிறுவனங்கள் செய்தவை. மண்ணியல் ஆய்வில் தவறியதன் வட்டியை மட்டும் பூடான் சுமப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

இங்கே நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கட்டணம் செலவை அடிப்படையாக வைத்தே பேசப்படுகிறது. செலவு ஏறினால் யூனிட் விலை ஏறும். யூனிட் விலை ஏறினால் வாங்குவதாக இருக்கும் நம் மாநில மின்வாரியங்கள் பின்வாங்கும். இந்தியாவில் சூரிய மின்சாரம் யூனிட் இரண்டரை ரூபாய் அளவில் ஏலம் போகிற காலம் இது. அந்தப் பகல்நேர விலையோடு புனாட்சாங்சூ-1 ஒருபோதும் போட்டியிட முடியாது. அதை விற்க வேண்டிய நேரம் மாலை. சந்தையில் மின்சாரம் கிடைக்காமல் அல்லாடும் மாலை ஆறு முதல் பத்து வரை, மின் பரிவர்த்தனைச் சந்தையில் விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடும் நாட்கள் உண்டு.

நீர்மின் நிலையத்தால் இதைச் செய்ய முடியும். ஒரு கணக்கு. குளிர்காலத்தில் ஆறு மெலிந்துவிடும். ஆறு இயந்திரங்களில் 200 மெகாவாட் இயந்திரம் ஒன்றை மட்டும் நாள் முழுக்க ஓட்டும் அளவுக்கே நீர் வருகிறது என்று வையுங்கள். 24 மணி நேரத்தில் 48 லட்சம் யூனிட். அதே நீரை அணையில் பகலெல்லாம் தேக்கிவைத்து மாலையில் ஆறு இயந்திரங்களையும் நான்கு மணி நேரம் ஓட்டினாலும் அதே 48 லட்சம் யூனிட்தான். ஆனால் சந்தையில் மதிப்பு கூடுதல். இதற்கு மூன்று தேவை: ஒரு நாள் நீரைத் தேக்கும் கொள்ளளவு அணையில் இருக்க வேண்டும், கீழே இருக்கும் புனாட்சாங்சூ-2-ஐயும் சேர்த்து ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலிருந்து மொத்தமாக வரும் நீர் அங்கே வீணாக வழிந்தோடும், ஆறு முழுதாக வறண்டுவிடாதபடி பகலிலும் குறைந்தபட்ச நீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். திடீரென நீர் திறப்பது கீழே அசாம் எல்லைக் கிராமங்களுக்கு ஆபத்து என்பதால் முன்னெச்சரிக்கைத் தகவல் முறையும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். இந்த ஆறுதான் சங்கோஷ் என்ற பெயரில் எல்லை தாண்டி நம் நாட்டுக்குள் வருகிறது. நாள் முழுக்க ஒரே விலை என்ற ஒப்பந்தம் போட்டால் இவ்வளவு கவனத்தோடு நீரைத் தேக்கி இயக்க யாருக்கும் அக்கறை இருக்காது. நேரத்துக்கேற்ற விலை என்பதே சரி.

குளிர்காலம் பற்றி இன்னொரு செய்தி. பூடானின் நிலையங்கள் பெரும்பாலும் ஓடும் நீரை வைத்து இயங்குபவை. நம் மேட்டூர் போல மாதக்கணக்கில் நீரைச் சேர்த்துவைக்கும் பெரிய அணை அங்கே இல்லை. மழைக்காலத்தில் தேவைக்கு மேல் உற்பத்தி. ஜனவரி, பிப்ரவரியில் உற்பத்தி சரிந்துவிடும். அதே மாதங்களில்தான் வீடுகளில் சூடேற்றும் கருவிகள் ஓடும். அதனால் கோடையில் நமக்கு விற்கும் நாடு, குளிர்காலத்தில் நம்மிடம் வாங்குகிறது. 2022 ஜனவரி முதல் இந்திய மின் பரிவர்த்தனைச் சந்தையிலேயே நேரடியாக வாங்கத் தொடங்கியது. மலிவாக விற்று, சந்தை விலைக்கு வாங்கும் நிலை இது.

இதற்குத் தீர்வு நம் மின்வாரியமே பல ஆண்டுகளாகச் செய்துவரும் காரியத்தில் இருக்கிறது. காற்றாலைக் காலத்தில் மிஞ்சும் மின்சாரத்தைத் தமிழ்நாடு வட மாநிலங்களுக்குக் கொடுத்து, கோடையில் தட்டுப்பாடு வரும்போது யூனிட்டுக்கு யூனிட்டாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பணம் கைமாறுவதில்லை. பூடானோடும் இந்தப் பரிமாற்றத்தைச் செய்யலாம். ஜூலையில் அவர்கள் தரும் யூனிட்டுகளில் ஒரு பங்கை, ஜனவரியில் நம் பகல்நேர சூரிய மின்சாரமாகத் திருப்பித் தரலாம். பகலில் நம் மின்சாரம் கிடைத்தால் அவர்கள் அணை நீரை மாலைக்கு மிச்சம் பிடிக்கலாம். இரண்டு பக்கமும் இதில் லாபம் உண்டு.

பணம் கைமாறாத முறையை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூடானின் நாணயமான நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்கு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டப்பட்டது. அதனால் ரூபாய்க் கடனுக்கு மாற்று விகித ஆபத்து இல்லை. ஆனால் ரூபாயே தீர்ந்துபோகும் ஆபத்து உண்டு. பெரிய அணை கட்டும்போது கடனாக வரும் ரூபாய், சிமென்ட், இரும்பு, இயந்திரம், கூலி என்று உடனே இந்தியாவுக்கே திரும்பிவிடும். கட்டுமான வேகத்தில் உள்ளூரில் சம்பளமும் வங்கிக் கடனும் பெருக, கார், அரிசி, எரிபொருள் இறக்குமதியும் கூடும். 2011 டிசம்பரில் பூடான் 20 கோடி டாலர் கையிருப்பை விற்று ரூபாய் வாங்க வேண்டி வந்தது. 2012-இல் வங்கிகளில் ரூபாய் வழங்குவதற்கே கட்டுப்பாடு வந்தது. கார் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அணை வேலை மறுபடி சூடுபிடித்தால் அதே நிலை திரும்பலாம். கடன் தவணைகளை வெளியிடும் வேகத்தை பூடானின் ரூபாய் இருப்போடு இணைத்துப் பார்ப்பது நல்லது.

நட்பு நாட்டோடு நடந்துகொள்ளும் விதத்தில் நாமும் திருத்திக்கொள்ள வேண்டியவை உண்டு. 2013 ஜூலையில், பூடானில் பொதுத்தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா தந்த மானியம் நின்றது. தொழில்நுட்பக் காரணம் என்று சொன்னாலும், அங்குள்ள குடும்பங்கள் அதை அழுத்தம் என்றே எடுத்துக்கொண்டன. 2016-இல் நாம் வெளியிட்ட எல்லை தாண்டிய மின்வணிக விதிகள், இந்திய நிறுவனங்களுக்கு 51 சதவீதப் பங்கு உள்ள திட்டங்களுக்குச் சலுகை தந்தன. பூடான் எதிர்த்தது, 2018 டிசம்பரில் விதிகள் தளர்த்தப்பட்டன. சொன்னால் கேட்கிறோம் என்பது நல்லதுதான். சொல்வதற்கு முன்பே யோசித்திருந்தால் இரண்டு ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

கோலோங்சூ திட்டமும் ஒரு பாடம். இரு நாட்டு அரசு நிறுவனங்கள் பாதிக்குப் பாதி போட்டு நடத்தவிருந்த அந்த 600 மெகாவாட் கூட்டு முயற்சி 2022-இல் கலைந்தது. இப்போது டாடா பவர் 40 சதவீதம், பூடானின் ட்ரக் கிரீன் பவர் 60 சதவீதம் என்ற ஏற்பாட்டில் அது நடக்கிறது. தனியார் முதலீடு வந்ததும் தாமதத்தின் இழப்பு முதலீட்டாளர் தலையிலும் விழுகிறது. அரசுக்கு அரசு என்ற முறையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதைத்தான் ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இந்தியாவையும் பூடானையும் இணைக்கும் கோக்ராஜார்–கெலேபு (69 கி.மீ.), பனார்ஹாட்–சாம்ட்சே (20 கி.மீ.) ரயில் பாதைகளுக்கு 4,033 கோடி ரூபாய் ஒதுக்கியிருப்பது வரவேற்கத்தக்கது. 2017 ஜூலை 29 முதல் பத்தாண்டுக்கு நடப்பில் உள்ள வணிக ஒப்பந்தமும் 2027-இல் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் பேச்சில் மின்சாரப் பரிமாற்றத்தையும் சேர்த்துக்கொள்ள இது தக்க தருணம்.

புனாட்சாங்சூ-1 பற்றி நான் கேட்பது இவைதான். அணையின் முதல் கான்கிரீட் விழுவதற்கு முன், வலது கரையின் நகர்வுப் பதிவுகளை இரு நாட்டையும் சேராத வல்லுநர் குழு ஒன்று பார்க்கட்டும். 1994 அக்டோபரில் லுக்யே பனி ஏரி உடைந்து புனாக்கா வரை பாய்ந்த வெள்ளம் இதே ஆற்றில் வந்தது. அந்தக் கணக்கும் வடிவமைப்பில் மறுபடி சரிபார்க்கப்படட்டும். 2013 முதல் வேலை நின்ற காலத்துக்கான வட்டியை இந்தியா தள்ளுபடி செய்யட்டும், அல்லது மானியமாக மாற்றட்டும். மண்ணியல் காரணமாக இனி ஏறும் செலவை எந்த விகிதத்தில் பகிர்வது என்பதை இப்போதே எழுத்தில் வைக்கட்டும். திருத்திய மதிப்பீட்டையும் அதிலிருந்து வரும் யூனிட் விலையையும் புது தில்லியும் திம்புவும் ஒரே நாளில் வெளியிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர்மின் பொறியாளர்,
மேட்டூர் அணை