விராலிமலை அருகே டிக்கியைத் திறந்து தந்த பெரியவருக்கு நன்றி

கடந்த ஞாயிறு மாலை, திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலைக்கு அருகே டயர் பஞ்சராகி நின்றபோது, ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருந்த டிக்கி திறக்கவே இல்லை. எங்கள் காருக்கு 20 வயது கடந்துவிட்டது. ஓட்டுநர் இருக்கையோரத்து லீவரை எவ்வளவு இழுத்தும் பயனில்லை. கம்பியால் நெம்பிவிடலாம் என்ற விபரீத யோசனையில் நான் இருந்த வேளையில், தம் வண்டியை நிறுத்தி இறங்கி வந்த பெரியவர் ஒருவர், என் மகனை லீவரை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டிக்கியின் மூடியை இரு கைகளாலும் கீழ்நோக்கி அழுத்தி விட்டார். மூன்றாம் முறை திறந்துகொண்டது. ஓரத்து ரப்பர், மூடியை மேல்நோக்கித் தள்ளுவதால் பூட்டின் கொக்கி இறுகிக்கொள்கிறது என்றும், லீவரையும் பூட்டையும் இணைக்கும், நாள்பட்டுத் தளர்ந்த கேபிளால் அந்த இறுக்கத்தை மீறி அதை விடுவிக்க முடிவதில்லை என்றும் விளக்கினார். பூட்டில் காய்ந்து கெட்டியாகியிருந்த பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து எண்ணெய் விட்டபின், மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்குரூ டிரைவரால் கொக்கியைப் பூட்டியும் லீவரால் விடுவித்தும் நாலைந்து முறை சோதித்த பிறகே மூட அனுமதித்தார். அது எனக்குத் தோன்றியிருக்காது. பணம் வாங்க மறுத்தார், பெயரையும் சொல்லவில்லை. கேபிளை மாற்றிவிட்டேன், ஐயா. தங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.