அக்கா, வியாழக்கிழமைக்கு முன்னால்

அக்கா,

ஆடிக் கூழ் ஊற்றிவிட்டு இப்போதுதான் கோயிலிலிருந்து வந்தோம். அம்மா சேலையைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டாள். பானையின் அடியில் ஒட்டியிருந்ததை நான்தான் வழித்து எடுத்துவைத்தேன். இன்றைக்கு நீ போன் செய்வாய். இரண்டு நிமிடம் அம்மாவின் சர்க்கரையைப் பற்றிப் பேசுவோம். ஜோஹானஸ்பர்க்கில் குளிர் எப்படி என்று நான் கேட்பேன். வைத்துவிடுவோம். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். அதனால் இந்தத் தடவை போனை எடுக்காமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நமக்குள் முடிய வேண்டியதை எதற்கு ஊர் பார்க்க எழுதுகிறாய் என்று நீ கேட்பாய். நான் செய்த காரியம் நாலு பேர் முன்னால் செய்தது. அதைத் திருத்துவதும் நாலு பேர் முன்னால் நடக்கட்டும் என்று நினைக்கிறேன். டர்பனில், இந்தச் சாட்ஸ்வொர்த்தில் நம் தெருவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பாவைக் கொன்று சிறையில் இருக்கும் அவனும் அவர்களில் ஒருவன். தமிழ்ப் பள்ளியில் எனக்கு முன் பெஞ்சு. என்னைவிட அவனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். என்றைக்காவது இதை அவனும் படிக்கலாம். அதனால் சில இடங்களில் அளந்துதான் எழுதுவேன். அவன் பெயரும் அவன் வீடும் அப்பா கடைசியாகச் சொன்ன இரண்டு வார்த்தைகளும் இங்கே வராது.

அவனைக் கண்காணிப்போடு சிறையிலிருந்து வெளியே விடலாமா என்று பார்க்கும் பரோல் விசாரணை மறுபடியும் வந்திருக்கிறது. வியாழக்கிழமை காலை 9 மணிக்கு. நான் போகிறேன். போய், விடக்கூடாது என்றுதான் சொல்லப்போகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரியில் என் மனது மாறிவிடும் என்று நம்பிக்கொண்டு நீ படிக்கக்கூடாது.

தீர்ப்பு நாளைப் பற்றி நாம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. 2006-ல், அந்த மர பெஞ்சில், நீ நடுவில், அம்மா உனக்கு இடப்பக்கம், நான் வலப்பக்கம். கொலை நடந்தபோது அவனுக்கு வயது 19 தான், அதற்கு முன் எந்த வழக்கும் இல்லை, திருந்த வாய்ப்பு இருக்கிறது என்று அவன் வக்கீல் முக்கால் மணி நேரம் பேசினார். கொள்ளையடிக்கும்போது கொலை செய்தால் ஆயுள் தண்டனை என்பது 1997-ம் வருடச் சட்டம். அதைவிடக் குறைக்க வேண்டுமென்றால் வலுவான காரணம் வேண்டும். வயது அந்தக் காரணமாகிவிடுமோ என்று எனக்கு உள்ளங்கை வியர்த்தது. எனக்கு அப்போது 22. கொலை நடந்த அன்று எனக்கு 20, அவனுக்கு 19. ஒரு வயதுதான் வித்தியாசம். அவனுக்கு அது சிறு வயது என்றால் எனக்கு மட்டும் என்ன வயது என்று யாரும் கேட்கவில்லை.

நீதிபதி ஆயுள் என்று சொன்னதும் நான் கை தட்டினேன். யோசித்துத் தட்டவில்லை. மூன்று தடவை. அந்தச் சத்தம் உயரமான கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. காவலர் என்னைப் பார்த்து விரலை உயர்த்தினார். அப்போது நீ எழுந்தாய். என் கையைப் பிடிக்கப்போகிறாய் என்று நினைத்தேன். நீ அம்மாவின் பையைத் திறந்து, நாம் வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாய். நடைபாதையைக் கடந்து எதிர் வரிசைக்குப் போனாய். அவனுடைய அம்மா பெஞ்சில் உட்கார முடியாமல் தரையில் சரிந்திருந்தார். நீ குனிந்து மூடியைத் திருகினாய். மூடி இறுக்கமாக இருந்தது. முந்தானையால் பிடித்துத் திருகினாய். அவர் குடிக்கும்வரை பாட்டிலின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய். தண்ணீர் அவர் கழுத்து வழியாக இறங்கி ரவிக்கை நனைந்தது. அதையும் துடைத்துவிட்டாய்.

என் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. இன்னும் சூடாக இருந்தன.

அன்று முதல் உன் மேல் எனக்குக் கோபம். இதை எழுத 19 வருடம் ஆகியிருக்கிறது. நம் அம்மாவுக்கும் தாகமாக இருந்தது அக்கா. அன்று திரும்பும்போது ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் போக்குவரத்து நெரிசலில் நின்றோம். அம்மா தண்ணீர் கேட்டாள். பாட்டில் இல்லை. நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

தண்டனை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லாமல் போய்விட்டது என்று எழுதினால் உனக்குப் பிடிக்கும். உண்மை அது இல்லை. அன்று இரவு நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். மூன்று நாள் அப்படியே இருந்தது. நாலாம் நாள் காலையில் அப்பாவின் கடையான டீ ரூமின் ஷட்டரைத் தூக்கினேன். அப்பா பிரெட் அடுக்கும் தட்டு காலியாக இருந்தது. உதிரி சிகரெட் கேட்டு ஒருவர் வந்தார். கவுண்டருக்குப் பின்னால் நின்று சில்லறை எண்ணும்போது, அவன் உள்ளே இருப்பதால் இந்தக் கடையில் என்ன மாறிவிட்டது என்று தோன்றியது. ஆனால் அந்த மூன்று நாளும் பொய் இல்லை. அந்த மூன்று நாள் மட்டும் இல்லாவிட்டால் நான் அந்த ஷட்டரையே தூக்கியிருக்க மாட்டேன். அதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று நீ எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்ல மாட்டாய். உன் மௌனமே சொல்லும்.

அதற்குப் பிறகு என்னைத் தாங்கியது ஒரு கணக்கு. ஆயுள் என்றால் 25 வருடம் முடிந்துதான் பரோலை யோசிப்பார்கள். 2006-உடன் 25-ஐக் கூட்டினால் 2031. அப்போது எனக்கு 47, அம்மாவுக்கு 80. அதுவரை இந்தக் கதவு திறக்காது என்று மனதைப் பூட்டி வைத்திருந்தேன். 2019 மே மாதம் அரசியல் சாசன நீதிமன்றம் வேறொருவரின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. தண்டனை கொடுத்த தேதியை வைத்துப் பரோல் விதியை முடிவு செய்யக்கூடாது, குற்றம் செய்த தேதிதான் கணக்கு என்றது. 25 வருடம் என்ற புதிய விதி 2004 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அப்பா போனது 2004 ஆகஸ்ட். இரண்டு மாதம்கூட இல்லை. பழைய விதி அவனுக்கு லாபமானது. குற்றம் செய்தபோது இல்லாத கடுமையைப் பின்னால் கொண்டுவந்து ஒருவன் தலையில் ஏற்றக்கூடாது என்பது நியாயம்தான். மூன்று தடவை படித்துப் பார்த்தேன், குறை சொல்ல முடியவில்லை. ஆனாலும் 2031 என்று எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தபோது என் கை நடுங்கியது. என் வருடங்களை யாரோ எடுத்துப் போய்விட்ட மாதிரி இருந்தது. அந்த வாரம் உனக்கு நான் போன் செய்தேன். நீ சொன்னாய்: "நல்லதுதானே தம்பி, ஒரு பாரம் இறங்கும்." யாருடைய பாரம் அக்கா?

நீ ஜோஹானஸ்பர்க் போனதைக் குறை சொல்லவில்லை. வேலை அங்கே, கல்யாணம் அங்கே. ஆனால் மன்னிப்பதற்கு 570 கிலோமீட்டர் தூரம் உதவுகிறது. நான் அவன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போகிறேன். அவன் தங்கை பிள்ளைகளை இறக்கிவிட வரும்போது என் வண்டியும் அவள் வண்டியும் எதிரெதிரே நிற்கும். யார் பின்னால் எடுப்பது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி யோசிக்கிறோம். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் இதைப் படித்தால் அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

அப்பா இருந்தால் என்ன சொல்வார் என்று நீ கேட்பாய். 1995 ஜூனில் தூக்குத் தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்த அன்று அவர் கவுண்டரில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தது எனக்கும் நினைவிருக்கிறது. 11 நீதிபதிகளும் ஒரே முடிவு. கடைக்கு வந்தவர்கள் பாதிப் பேர் கத்தினார்கள். கார் திருடர்கள், கொள்ளைக்காரர்கள், இனி யாருக்குப் பயம் என்றார்கள். அப்பா பிரிட்டோரியா சிறையில் தூக்கு மேடைக்கு ஏறும் 52 படிகளைப் பற்றிச் சொன்னார். அந்தப் படிகளில் ஏற்றப்பட்டவர்களில் நிறம் பார்த்தால் யார் அதிகம் என்று கேட்டார். அதோடு எல்லோரும் அடங்கினார்கள். அரசாங்கம் கொல்லக்கூடாது என்பதில் அவர் உறுதி. அந்தத் தீர்ப்பில் வந்த உபுண்டு என்ற சொல்லை, மற்றவர்களால்தான் ஒருவன் மனிதன் என்ற அர்த்தமுள்ள அந்தச் சொல்லை, நீ அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாய். நானும் அவருக்குப் பிள்ளைதான். அவன் சாக வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்பா தூக்குக் கயிறு வேண்டாம் என்றார். சிறைக் கதவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நீயும் சொல்லாதே, நானும் சொல்லவில்லை.

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பதற்கு வருகிறேன்.

2022-ல் முதல் விசாரணை வந்தபோது, பாதிக்கப்பட்ட குடும்பம் என்ன நினைக்கிறது என்று எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். நான் எழுதினேன். குடும்பத்தார் யார் யார் என்ற இடத்தில் அம்மா பெயர், என் பெயர், உன் பெயர். "நாங்கள் எதிர்க்கிறோம்" என்று எழுதினேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. அந்த "நாங்கள்" இரண்டு பேர். மூன்று என்று காட்டினேன். அவர்கள் சத்தமாகப் படித்தபோது உன் பெயர் வந்த இடத்தில் அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். தண்ணீர் கொடுத்தவளா என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தப்பு. அம்மா என்னோடுதான் நின்றாள், அதனால் உன் பெயர் இல்லாமலே போதுமானதாக இருந்திருக்கும். குடும்பம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது என்று அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரிந்தால் என் வார்த்தைக்கு எடை குறையும் என்று பயந்தேன். நீ இங்கே இருந்திருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது என்றும் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை இப்போது சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. மன்னித்துவிடு அக்கா.

அன்று அவன் மன்னிப்புக் கேட்டான். நான் உன்னிடம் சொல்லாத இன்னொன்று அது. சிறையில் தச்சு வேலை கற்றிருக்கிறான், புதிதாக வரும் பையன்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறான். காகிதத்தைப் பார்க்காமல் பேசினான். நன்றாகவே பேசினான். முடித்ததும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அப்பா உன்னைப் பார்த்ததும் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா என்று. தெரிந்த பையனைப் பார்த்த சந்தோஷத்தில் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகள். அன்று அங்கே பின்னால் நின்றவன் சாட்சிக் கூண்டில் சொல்லி நாம் எல்லோரும் கேட்டோம். அவன் நெடுநேரம் யோசித்தான். நினைவில்லை என்றான். பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. அந்த வார்த்தையை நான் மட்டும் சுமக்கிறேன், சொல்லப்பட்டவன் இறக்கிவைத்துவிட்டான். அதனால்தான் வியாழக்கிழமையும் எதிர்க்கப்போகிறேன். வெளியே வந்தாலும் ஆயுள் கைதிக்குச் சாகும்வரை கண்காணிப்பு உண்டு என்று நீ சொன்னது சரி. எனக்கு அது போதவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். எவ்வளவு நாள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, கணக்குப் போட்டு வைத்திருந்த தாளும் இல்லை.

கடைசி முடிவு நம் கையில் இல்லை. ஆயுள் கைதி என்றால் அது அமைச்சர்வரை போகும். ஆனால் அங்கே போகும் காகிதத்தில் உன் பெயர் என் வார்த்தையின் கீழ் இருக்காது. 2022-ல் உன் பெயரைச் சேர்த்தது நான், உன் சம்மதம் இல்லை என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதலில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவேன். நீ அவனுக்காக எழுதுவதானால் எழுது. செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்பினால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மடிக்காமல், படிக்காமல் கொடுப்பேன். அம்மாவிடம் நீயே பேசு.

இன்னொன்று. அப்பாவின் நீல அட்டைப் பற்று நோட்டில் அவன் அம்மா பக்கத்தை அடித்துவிடச் சொல்லிவிட்டுத்தான் நீ ஊருக்குக் கிளம்பினாய். அடித்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். அடிக்கவில்லை. 84 ரேண்ட் 60 சென்ட். அதற்கு அடுத்த வருடம் அவரே ஒரு கைக்குட்டையில் சில்லறையை முடிந்து எடுத்துக்கொண்டு வந்தார். வாங்க மாட்டேன் என்று ஷட்டரை இறக்கினேன். அவர் சிறிது நேரம் வெளியே நின்றது கீழ் இடுக்கில் செருப்பாகத் தெரிந்தது. அவர் இப்போது இல்லை. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பண்டிகைக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ, அந்தப் பக்கத்தை நீயே அடி.

உன் தம்பி