மார்ச் 31-க்குள் 15,650 வெள்ளி: சனிக்கிழமை அறைக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். சிங்கப்பூரின் செம்பவாங், ஈசூன் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்காகச் சனிக்கிழமைதோறும் நாம் நடத்திவரும் மனநல ஆலோசனை அறைக்கான பணம் மார்ச் மாதத்தோடு தீர்ந்துவிடும். ஆலோசகரின் ஒப்பந்தமும் மார்ச் 31-இல் முடிகிறது. புதுப்பிக்கிறீர்களா என்று அவர் கேட்டு மூன்று வாரமாயிற்று. கையில் முழுத் தொகை இல்லாமல் என்ன பதில் சொல்வது?

இந்த வேலை நமக்குப் புதிதில்லை. 1938-இல் பிரிட்டனின் செம்பவாங் கடற்படைத் தளத்தில், கப்பல்களைப் பழுதுபார்க்க, மன்னர் ஆறாம் ஜார்ஜ் பெயரில் பெரிய உலர்துறையைத் திறந்தார்கள். அந்தத் தளத்தில் உழைத்தவர்களில் நம் தாத்தாமார்களும் இருந்தார்கள். பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள். ஒருவர் இறந்தால் காரியச் செலவு, ஒருவர் படுத்துவிட்டால் ஊருக்கு அனுப்பப் பணம், எல்லாமே சம்பள நாளில் துண்டை விரித்துச் சேர்த்த காசுதான். 1968 ஜனவரியில், 1971-க்குள் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக பிரிட்டன் அறிவித்தது. வேலை என்ன ஆகுமோ என்று வீட்டுக்கு வீடு தூக்கம் போயிற்று. சிலர் குடியில் விழுந்தார்கள், சிலர் யாரோடும் பேசாமல் ஒடுங்கிப்போனார்கள். அவர்கள் வீட்டுக்கு முறைவைத்துப் போய், கூடவே உட்கார்ந்து, சாப்பிட வைத்துவிட்டு வந்ததை நம் மூத்த உறுப்பினர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். (சொல்ல ஆரம்பித்தால் கூட்டம் பத்து மணிக்கு முன் முடியாது, அது வேறு விஷயம்.)

அவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் இன்று வசதியாகத்தான் இருக்கிறோம். ஆனால் மனக்கஷ்டம் விட்டபாடில்லை. அரசு மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்தின் 2016 ஆய்வின்படி, சிங்கப்பூரில் ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம் போன்ற ஏதாவதொரு கோளாறு வந்திருக்கிறது. நம் வீட்டுக் கல்யாணப் பந்தி ஒன்றில் அது எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனாலும் அந்த மருத்துவமனையின் ‘உட்பிரிட்ஜ்’ என்ற பழைய பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுவதை நாம் விடவில்லை. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சட்டப்படி குற்றமில்லை. அது தெரியாமல், போலீஸ் வந்துவிடுமே என்று வாயைத் திறக்காத குடும்பங்களை இப்போதும் பார்க்கிறோம்.

சனிக்கிழமை அறையில் என்னதான் நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறோம். அனுமதி வாங்கி, அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறோம். ஓர் அம்மா பழைய பிஸ்கட் டின் ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். மகன் இரண்டு வருடமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. டின் நிறையப் பிரிக்காத கடிதங்கள்: மின்கட்டணப் பாக்கி, நகர மன்றக் கட்டணம், தவறிப்போன மருத்துவச் சந்திப்புகள். ஆலோசகர் மகனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு கடிதமாகப் பிரித்து மேசையில் மூன்று அடுக்காக வைத்தார்: இந்த வாரம், இந்த மாதம், குப்பை. அப்புறம் டீ வந்தது. டீயைக் குடித்துக்கொண்டே அந்த அம்மா தானாகவே மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாக்கிக்குத் தவணை கேட்டோம், சமூகச் சேவை அலுவலகத்தில் நிதியுதவிக்கு விண்ணப்பித்தோம். மகனைப் பார்க்க நம் தொண்டூழியர் ஒருவர் வீட்டுக்குப் போய்வருகிறார். கதவு இப்போது பாதி திறக்கிறது. கடன் கழுத்தை நெரிக்கும்போது மனசுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதாது என்பது சமூகப் பணியாளர்களுக்குத் தெரிந்த பாலபாடம்.

கோவிலில் கயிறு கட்டட்டும், அர்ச்சனை செய்யட்டும், நாங்களும் செய்பவர்கள்தான். மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்கிறோம். அறை மருத்துவமனை அல்ல. தேவைப்பட்டால் பலதுறை மருந்தகத்துக்கோ புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்துக்கோ கூடவே போகிறோம். நள்ளிரவில் தவிப்பவர்கள் சனிக்கிழமைவரை காத்திருக்கக் கூடாது. தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

சரி, ஏப்ரல் முதல் ஓராண்டுக்கான கணக்கு. பகுதிநேர ஆலோசகருக்கு மாதம் 2,400 வீதம் ஆண்டுக்கு 28,800 வெள்ளி. அறை வாடகை 5,400. தொண்டூழியர் பயிற்சி 4,800. வீடு தேடிப்போகும் செலவும் அவசரத்துக்கு வாங்கித்தரும் மளிகையும் 3,000. மொத்தம் 42,000. இதுவரை சேர்ந்தது 26,350. குறைவது 15,650.

அந்த 26,350 வெள்ளியைத் தந்தவர்களை வணங்குகிறோம். துப்புரவு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா மாதம் தவறாமல் பத்து வெள்ளியை உறையில் போட்டுத் தருகிறார், பெயர் எழுதக் கூடாதாம். மகனின் 21-ஆம் பிறந்தநாள் விருந்தை வீட்டுச் சாப்பாட்டோடு முடித்துக்கொண்டு 3,000 வெள்ளியைத் தந்த தம்பதிக்கு நன்றி. சனிக்கிழமைதோறும் மீ கோரெங் அனுப்பும் கோப்பிக்கடை அண்ணனுக்கும், நாற்காலிகளை வாங்கிப்போட்ட எதிர் புளோக் சீனப் பெரியவருக்கும், திரை தைத்துத் தந்த மலாய் மாச்சிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்து படிவம் நிரப்பித் தரும் டாக்சி ஓட்டுநர்களுக்கு முருகன் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். நம் வாட்ஸ்அப் குழுவில் 412 பேர் இருக்கிறோம். சென்ற ஆண்டு கொடுத்தவர்கள் 97 பேர். காலை வணக்கப் படங்களுக்கு மட்டும் குறைவில்லை. பங்குனி உத்திரம் வருகிறது. பால்குடத்துக்கும் அன்னதானத்துக்கும் நாம் கணக்குப் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டாம். அதே முருகனின் பிள்ளை ஒன்று பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது. 313 பேர் ஆளுக்கு 50 வெள்ளி தந்தால் 15,650 சரியாக வந்துவிடும். முடியாதவர்கள் ஐந்து வெள்ளி தந்தாலும் அதே மரியாதைதான்.

நன்கொடைக்கு வரிக்கழிவு பெற்றுத்தரும் ஐபிசி (IPC) தகுதி நமக்கு இல்லை. எனவே 250 விழுக்காட்டு வரிக்கழிவு கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பேநவ் கியூஆர் குறியீட்டை இணைத்திருக்கிறோம். ரொக்கமாகத் தருபவர்கள் சனிக்கிழமை மாலை பொருளாளரிடம் தரலாம், ரசீது வாங்காமல் போகாதீர்கள். மார்ச் 31-க்குள் முழுத் தொகை சேராவிட்டால் ஆலோசகரை மாதம் இரண்டு சனிக்கிழமைக்கு மட்டும் அழைப்போம். வரவு செலவுக் கணக்கு ஏப்ரல் கூட்டத்தில் எல்லாருடைய பார்வைக்கும் வைக்கப்படும்.

இப்படிக்கு,
செயற்குழு