என் முழங்காலைத் தாங்கியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று மாலை, பத்து மாதங்களுக்குப் பிறகு, அணியோடு முழுப் பயிற்சியும் முடித்துவிட்டு வந்தேன். இன்று காலை எழுந்ததும் டேப்பை எடுத்து முழங்காலைச் சுற்றி அளந்தேன். 36 செ.மீ. நேற்றுக் காலையிலும் அதேதான். வீக்கம் வரவில்லை. அழுகைதான் வந்தது. உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

விழுந்த அன்று கால் தரையில் ஊன்றியபடியே இருக்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். முதலில் பார்த்தவர் சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். "ரெண்டு மணி நேரத்துல இப்படி வீங்கினா உள்ளே ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், ஸ்கேன் எடுத்தே ஆகணும்" என்று பிடிவாதமாக நின்றது கோச் சார், நீங்கள்தான். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்துவைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு முழுவதும் அறுந்திருந்தது எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது.

டாக்டர், தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாரை எடுத்து எப்படிப் புது ஜவ்வாகப் பொருத்துவீர்கள் என்று படம் போட்டுக் காட்டினீர்கள். வலி போய், எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கப்போகும் இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும் என்றும் முன்கூட்டியே சொன்னீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அப்போதே ஓடியிருப்பேன்.

ஆபரேஷன் முடிந்த அன்று இரவுப் பணியில் இருந்த சிஸ்டருக்கு என் பெயர் நினைவிருக்குமோ தெரியாது. வளைத்து வைத்தால் இதமாக இருக்கிறதே என்று அம்மா முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்திருந்தார். நீங்கள் அதை உருவி குதிகாலுக்கு அடியில் வைத்து, "மடங்கியே இருந்தா அப்புறம் நீட்ட வராதும்மா" என்றீர்கள். மூன்றாம் நாள் கணுக்கால்வரை வீங்கி நீலம் பாய்ந்தபோது அப்பா பதறிப்போனார். மேலே உள்ள நீரும் ரத்தமும் கீழே இறங்குவதுதான் என்று சொன்னதோடு விடாமல் கெண்டைக்காலையும் அழுத்திப் பார்த்தீர்கள். கெண்டைக்கால் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ நேரம் பார்க்காமல் வரச் சொன்னீர்கள்.

பிசியோ அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? "தொடையை இறுக்கு" என்றீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றும் தசை துளிகூட அசையவில்லை. நரம்பு போய்விட்டது என்றே நினைத்தேன். மூட்டுக்குள் 20, 30 மில்லி நீர் கோத்தாலே தொடைத்தசை அடங்கிப்போகும், முதலில் வீக்கத்தை வடிய வைப்போம் என்றீர்கள். அதற்காகவே அம்மா அலாரம் வைத்து, துண்டில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுத்தார், இரவு பகல் பாராமல். ஐந்தாம் நாள் என் விரலை எடுத்து முழங்கால் சில்லுக்கு மேலே வைத்தீர்கள். தோலுக்கு அடியில் ஏதோ லேசாகத் துடித்தது. என் தசை!

நான்காம் மாதம் உங்களிடம் சொல்லாமல் ஓடினேன். மறுநாள் டேப் 2 செ.மீ. கூடுதலாகக் காட்டியது. நீங்கள் திட்டவில்லை. முழங்காலின் உள்பக்கத்தை மேல்நோக்கி வழித்துவிட்டு, வெளிப்பக்கத்தைக் கீழ்நோக்கித் தடவினீர்கள். வற்றியிருந்த குழியில் நீர் அலைபோல் திரும்பி வந்ததை நானே பார்த்தேன். "ஒரு வாரம் பின்னால போவோம், அவ்வளவுதான்" என்றீர்கள்.

எனக்கு முன்பே இதே ஆபரேஷன் செய்துகொண்ட தோழியே, தழும்புக்குப் பக்கத்தில் மரத்துப்போவது பலருக்கும் உண்டு என்று நள்ளிரவில் போனில் சொன்னாயே, அன்றுதான் தூங்கினேன்.

ஆறாம் மாதம் போட்டியில் இறங்குகிறேன் என்று கெஞ்சினேன். கோச் சார் மறுத்துவிட்டார். ஒன்பது மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தின் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்ற 2016ஆம் ஆண்டு ஆய்வை எடுத்துக் காட்டினார். அன்று கோபப்பட்டதற்கு மன்னியுங்கள் சார். ஒன்பதாம் மாதம் ஒற்றைக்காலில் தாண்டும் சோதனையில் நல்ல காலோடு ஒப்பிட்டால் 86 சதவீதம்தான் வந்தது. 90 தாண்டும்வரை இன்னும் ஒரு மாதம் காத்திருந்தீர்கள். அணியில் என் எண்ணை யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

அக்கா, டேப் உங்களுடையது. வியாழக்கிழமை கொண்டுவருகிறேன். தொடை இறுகவில்லை என்று போன வாரம் அழுதுகொண்டிருந்த அந்தத் தம்பிக்குக் கொடுங்கள். அவன் விரலைச் சில்லுக்கு மேலே வைக்கும்போது நானும் பக்கத்தில் இருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் விளையாட்டுப் பெண்