அண்ணாவுக்கு: தம்பி இனி ஹாஸ்டலுக்குப் போகமாட்டான்

அன்புள்ள அண்ணா,

அப்பாவின் வருஷ திதி முடிந்த மறுநாளே தம்பியை மறுபடி ஹாஸ்டலில் விட்டுவிடலாம் என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். அவன் போகமாட்டான். இங்கே குன்னூரில் என்னோடு இருப்பான். உன்னைக் கேட்காமல் முடிவு செய்தது வருத்தமாக இருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் கேட்டிருந்தால் போனில் உன் குரல் உயரும், என் குரல் அதற்கு மேலே போகும், பக்கத்து அறையில் அவன் காதைப் பொத்திக்கொண்டு நிற்பான். அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் படிக்கும்படி ஏன் எழுதணும் என்று கேட்பாய். தம்பியைப் போல ஆட்டிசம் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு இதே சண்டை நடக்கும் வேறு வீடுகளும் இருக்கின்றன, அவர்களுக்கும் போய்ச் சேரட்டும். நம் சொந்தக்காரர்கள் படிப்பார்கள் என்பதும் தெரியும். அதனால் அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. சட்டை மாற்றும்போது நான் பார்த்ததையும் எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். நீலகிரி மலைரயில் ஸ்டேஷன் பேரை எழுதலாம், போட்டோ போடக்கூடாது என்றான்.

'ஆட்டிசம் முத்திப்போச்சு, இனி வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது' என்கிறாய். நம் வீட்டில் அவன் தூங்காவிட்டாலும் ஆட்டிசம், சாப்பிடாவிட்டாலும் ஆட்டிசம், கடித்தாலும் ஆட்டிசம். கோயம்புத்தூர் டாக்டர் என்னிடம் முதலில் கேட்டது வேறு: முன்பு எப்படி இருந்தான், எது மாறியது, எப்போதிலிருந்து? குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்துவது பிறந்ததிலிருந்தே உண்டு. சாவிக்கொத்து குலுங்கினால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவது முன்பு கிடையாது. கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலியை வைத்துவிட்டுத் தூங்குவது கிடையாது. இவை ஹாஸ்டலுக்குப் போனபிறகு வந்தவை.

மனக்காயம் என்றால் விபத்து, வெள்ளம் என்று பெரிதாக ஏதாவது நடந்திருக்கணும் என்று நினைக்கிறோம். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மருத்துவக் கையேடும், பிடிஎஸ்டி, அதாவது மனக்காயத்துக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு, என்று சொல்வதற்கு உயிராபத்து, பலத்த காயம், பாலியல் வன்முறை என்றுதான் எல்லை போடுகிறது. ஆனால் ஓயாத கேலி, ஆள் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பது, சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாற்றுவது, இவையும் அதே அளவு ஆழமாகப் பாயும் என்று ஆட்டிசம் உள்ளவர்களே சொல்கிறார்கள். அவர்களோடு வேலை செய்கிறவர்களும் சொல்கிறார்கள். நமக்குச் சாதாரணமாகப் படுவது அவனுக்குச் சாதாரணமில்லை.

போன பொங்கலன்று எல்லோரும் கோவிலுக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவிக்கொத்தை நீ விரலில் சுழற்றினாய். அவன் கட்டிலுக்கு அடியில் போனான். நீ மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய், அவன் கடித்தான். அப்போது நீ சொன்ன வார்த்தையை இங்கே எழுதமாட்டேன். நீங்கள் போனபிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சாவிக்கொத்தை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு, தரையில் சுவரோரமாக உட்கார்ந்தேன். கையை நீட்டவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம். மறுபடியும் குன்னூர். மேட்டுப்பாளையம் இல்லை, கல்லாறு இல்லை, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு எதுவுமே இல்லை. சின்ன வயதில் நாம் ஒரு ஸ்டேஷனை விட்டுவிட்டால் அழுது அடம்பிடித்து முதலிலிருந்து சொல்லவைத்தவன், குன்னூருக்குக் கீழே இருப்பதையெல்லாம் விட்டுவிட்டான். ஹாஸ்டல் கீழேதான் இருக்கிறது அண்ணா. 'அங்கே என்ன நடந்தது' என்று கேட்டால் நம் கேள்வியையே நமக்குத் திருப்பிச் சொல்கிறவன், இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லமுடியும்?

அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்ததே நீதான். தோளில் தூக்கிக்கொண்டு போய், குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசலை மாட்டுவதைக் காட்டுவாய். மழையானாலும் போவீர்கள். உன் காதைப் பிடித்துக்கொண்டு அவன் சிரிக்கிற சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். அதே பெயர்களைக் கல்யாண மண்டபத்தில் சொன்னான் என்பதற்காக, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அவன் வாயைப் பொத்தியதும் நீதான். ஓவர்டைம் பார்த்து ஃபீஸ் கட்டியதும் நீதான், அதை நான் மறக்கவில்லை. ஆனால் பணம் கட்டிவிட்டோம் என்பதால் ஒரு இடம் நல்ல இடம் ஆகிவிடாது.

இங்கே நான் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொடுவதற்கு முன்னால் சொல்கிறேன். நாளைக்கு நடக்கப்போவதை ராத்திரியே காலண்டரில் படமாக வரைந்து வைக்கிறேன். சிவப்பு அட்டையைக் காட்டினால் வேண்டாம் என்று அர்த்தம், அதற்கு மேல் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. மலைரயிலின் விசில் அத்தனை சத்தம், அது அவனை ஒன்றும் செய்வதில்லை, எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் கீழே மண் சரிந்து வண்டி ரத்தாகும் நாள்தான் கஷ்டம். அன்றைக்கும் காலையிலேயே சொல்லிவிட்டால், எந்த இடத்தில் சரிந்தது என்று பெயர் சொல்லாமல் இருந்தால், பாதி சரியாகிவிடுகிறது. கடிப்பது நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், குறைந்திருக்கிறது.

அவனை ஹாஸ்டலில் விட, கார்டியன் என்று நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று மாமா சொன்னாராம். அவனுக்குப் 18 வயது எப்போதோ முடிந்துவிட்டது. அண்ணன் என்பதாலேயே யாரும் கார்டியன் ஆகிவிட முடியாது, 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அதற்கென்று மாவட்ட அளவில் குழு இருக்கிறது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கொடுமையிலிருந்தும் துன்புறுத்தலிலிருந்தும் அவனுக்குப் பாதுகாப்பு தரவேண்டும் என்கிறது. புகார் கொடுப்பதைப் பற்றி இங்கே எதுவும் எழுதவில்லை. நேரில் பேசுவோம்.

திதிக்குக் கட்டாயம் வா. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று இரண்டு நாள் முன்னாடியே சொல்லிவிடு, காலண்டரில் உன்னை வரையணும். ஹோமப் புகையில் உட்கார் என்று அவனை யாரும் வற்புறுத்தவேண்டாம், அப்பா கோபித்துக்கொள்ளமாட்டார். அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. வரும் வழியில் ஹாஸ்டலுக்குப் போய் அவன் பெட்டியை வாங்கிக்கொள். நீல ஸ்வெட்டர் அதில் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பார்த்துவிடு.

உன் தங்கை