பழைய கணினியை எடைக்குப் போடும் முன்

ஆசிரியருக்கு,

பழைய கணினிகளை மின்கழிவாக ஒப்படைப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், முக்கியமான கோப்புகளை மட்டும் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 2006-ல் ஒரு கடைக்காரர் என்னிடமும் இதையே சொன்னார், நானும் தலையாட்டினேன். அதற்குப் போன ஐப்பசி முழுக்க உட்கார்ந்து பாடுபட்டேன்.

திங்கள்சந்தையில் பதினெட்டு வருடம் டிடிபி கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சபை மலர் எல்லாம் விண்டோஸ் 98-இல், பேஜ்மேக்கர் 6.5 என்ற பக்கம் வடிவமைக்கும் மென்பொருளில் அடித்தவை. எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டு அண்ணாவி (குழுவின் தலைமைப் பாடகர்) ஒருவர் தன் கதை முழுவதையும் என்னிடம் அடித்து வாங்கியிருந்தார். அவர் போய் வருடங்கள் ஆயிற்று. போன புரட்டாசியில் அவர் பேரன் வந்து, "அக்கா, பாட்டாக்க நோட்டு செதல் அரிச்சுப் போச்சு. ஒங்ககிட்ட இருக்கும்னு அம்மை சொன்னா" என்றான். பரணில் பதினொரு ஃபிளாப்பி இருந்தன. இரண்டு மழைக்காலமும் நனைக்கிற ஊரல்லவா, மூன்றில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி மீதி எட்டையும் படித்து எடுத்தேன்.

கோப்பு வந்ததே தவிர, படிக்க முடியவில்லை. பேஜ்மேக்கர் என் இப்போதைய கணினியில் ஏற மறுத்தது. வேறு வழியில் திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கோலம். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்டுகள் அப்படித்தான். ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்தைத் தன் இஷ்டத்துக்கு ஓரிடத்தில் உட்கார வைத்திருக்கும். 1999-ல் தமிழ்நாடு அரசு டேம், டேப் என்று ஃபாண்டுகளுக்குப் பொதுத் தரம் அறிவித்த பிறகும் என் கடையில் பழைய ஃபாண்டேதான் ஓடியது. திருவனந்தபுரத்தில் கணினி வேலை பார்க்கும் அண்ணன் மகன், "திருப்பி அடிச்சாப் போச்சே அத்தே" என்றான். எதைப் பார்த்து அடிக்க?

அவனே பிறகு கியூஎமு என்ற எமுலேட்டரைச் சொல்லித் தந்தான். ஃபாப்ரிஸ் பெல்லார் என்பவர் 2003-ல் வெளியிட்டது, காசு கிடையாது. கணினிக்குள் இன்னொரு பழைய கணினியை அது நடித்துக் காட்டும். அதற்கு வன்தட்டு என்பது நம் தட்டில் இருக்கும் ஒரு பெரிய கோப்புதான். 2 ஜிபிக்கு ஒன்றை உண்டாக்கி, 2006-ல் அந்தக் கடைக்காரர் சிடியில் போட்டுத்தந்த சி டிரைவ் கோப்புகள் அத்தனையையும் அதில் கொட்டினேன். ஓட்டினால், இது துவங்கக்கூடிய வட்டு அல்ல என்று கறுப்புத் திரையில் ஒரு வரி.

ஏன் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. கணினி எழும்போது கோப்புகளைத் தேடுவதில்லை. வட்டின் முதல் 512 பைட்டைத்தான் படிக்கிறது. அங்கே உள்ள சிறு நிரல்தான், எந்தப் பகுதியில் விண்டோஸ் இருக்கிறது என்று பார்த்து அதை எழுப்புகிறது. அந்த 512 பைட் எந்தக் கோப்புக்குள்ளும் கிடையாது, அதனால் கோப்புகளை நகல் எடுத்தால் அது வராது. அண்ணாவி காப்புப் பாடாமல் கதைக்குள் போகவே மாட்டார். எனக்குக் கடைக்காரர் தந்தது காப்பில்லாத கதை.

கணினியோடு வந்த விண்டோஸ் 98 சிடியும் அதன் ஸ்டார்ட்அப் ஃபிளாப்பியும் நல்லவேளை அலமாரியில் இருந்தன. ஃபிளாப்பியில் துவங்கி, எஃப்டிஸ்க் என்ற நிரலைக் கொண்டு வட்டைப் பகுதிகளாகப் பிரித்தேன். பழைய பழக்கத்தில் பாதியை சிக்கும் பாதியை டிக்கும் விட்டேன். முழு வட்டையும் ஒரே பகுதியாக விட்டால் எஃப்டிஸ்க் தானே அதை ஆக்டிவ், அதாவது கணினி துவங்கும் பகுதி, ஆக்கிவிடும், பிரித்தால் நாம்தான் ஆக்க வேண்டும். திரையின் அடியில் அது எச்சரித்திருந்தது, நான்தான் படிக்கவில்லை. மறுபடியும் கறுப்புத் திரை. திரும்பப் போய் ஆக்டிவ் ஆக்கி, சியை சிஸ்டம் கோப்புகளோடு ஃபார்மேட் செய்து, ஃபிளாப்பியைக் கழற்றிவிட்டு ஓட்டியபோது சி என்ற எழுத்தும் ஒரு சிமிட்டலும் வந்தன. அடுப்படியில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிறகு சிடியிலிருந்து விண்டோஸை நிறுவினேன். நினைவகம் தாராளமாக இருக்கட்டும் என்று 2 ஜிபி கொடுத்திருந்தேன். நினைவகம் போதாது என்றது விண்டோஸ்! அந்தக் காலத்து விண்டோஸுக்கு 512 எம்பிக்கு மேல் போனால் தலை சுற்றும். 128 ஆக்கியதும் ஒழுங்காக எழுந்தது. பேஜ்மேக்கரையும், ஃபாண்ட் சிடியிலிருந்து ஃபாண்டுகளையும் ஏற்றினேன். பேஜ்மேக்கரில் அண்ணாவியின் வரிகள் தமிழாகவே வந்து நின்றன.

2006-ல் வட்டை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை ஒரே படிமமாக எடுத்து வைத்திருந்தால் எஃப்டிஸ்க், ஃபார்மேட், விண்டோஸ் நிறுவுவது என இத்தனை பாடும் வந்திருக்காது. அன்றைய வட்டு முழுவதுமே இன்று ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கும். ஆகவே கட்டுரையின் அந்த வரியை, 'முழு வட்டின் படிமத்தையும் எடுத்துக்கொண்டு' என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன். ஃபாண்ட் சிடியையும் நிறுவும் சிடியையும் யாரும் எடைக்குப் போட வேண்டாம்.

இன்னொன்று. அண்ணாவியின் கதை மூன்று ஃபிளாப்பியில் இருந்தது. நடுவில் உள்ளதுதான் பூஞ்சையில் போனது. அப்போது அவர் பத்துப் பன்னிரண்டு பிரதி ஜெராக்ஸ் எடுத்து, கூடப் பாடியவர்களுக்குக் கொடுத்தார். இரணியல், திங்கள்சந்தை, வில்லுக்குறி பக்கம் யார் வீட்டிலாவது நீல அட்டை போட்ட அந்தப் பிரதி இருந்தால், சந்தை ரோட்டில் பழைய டிடிபி கடை எது என்று கேட்டு வாருங்கள்.

ஒரு வாசகி,
திங்கள்சந்தை, கன்னியாகுமரி மாவட்டம்